ஒரு குழாய் அடைபட்டால் மீதி இதயத்துக்கு ரத்தம் கூடுமா, குறையுமா?

மண்டித்தெரு மகன் | திங்கள், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. வேலூர் மண்டித் தெருவில் அரிசிக் கடை. சென்ற மாதக் கடைசியில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு, லாரியிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவர் கணக்கைத் தவறவிட்டார். முப்பது வருடத்தில் அவர் கணக்கைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. சட்டை முழுவதும் வியர்வை. தாடை வலிக்கிறது என்றார். இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். வலது ரத்தக்குழாய் முழு அடைப்பு. ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிட்டார்கள். இடது பக்கத்தில், முன்புறமாக இறங்கும் குழாயில் 60 சதவீதச் சுருக்கம் இருக்கிறதாம். அதை அன்று தொடவில்லை. ஆறு வாரம் கழித்து அளந்து பார்த்து முடிவு செய்யலாம் என்றார்கள்.

நான்காம் நாள் எக்கோ எடுத்தபோது மருத்துவர் என்னையும் திரையைப் பார்க்கச் சொன்னார். இதயத்தின் கீழ்ச் சுவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் தோளை அசைப்பது போல் அசைந்தது. முன் சுவரோ உதைத்து உதைத்துத் துடித்தது. "இது நல்ல பக்கம், ஆனால் இப்போதைக்கு இதையும் அதிகம் நம்பக் கூடாது, மாடி ஏறுவது, மூட்டை தூக்குவது எதுவும் வேண்டாம்" என்றார்.

அங்கேதான் வீட்டில் சண்டை தொடங்கியது. அப்பா கேட்கிறார்: "அடைபட்டது ஒரு குழாய். அதில் போக வேண்டிய ரத்தம் மற்ற இரண்டுக்கும்தானே போயிருக்கும்? அப்படியானால் நல்ல பக்கத்துக்கு ரத்தம் கூடத்தானே வேண்டும்? அதை ஏன் நம்பக் கூடாது?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவேரிப்பாக்கம் கழனி | திங்கள், இரவு 11.15

தம்பி, அப்பா சொல்வதில் என்ன தப்பு? வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் அடுத்த மடையில் தண்ணீர் ஏறும். இது எங்கள் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியும். பக்கத்துக் கழனிக்காரன் இரவில் வந்து நம் மடையில் மண்ணைப் போடுவது எதற்காக? தண்ணீர் அவன் பக்கம் திரும்பும் என்றுதானே?

ஆரணி ஜரிகை | செவ்வாய், காலை 6.05

எங்கள் மாமாவுக்கு இரண்டு குழாய் முழு அடைப்பு. பைபாஸ் வேண்டாம் என்று வந்துவிட்டார். பன்னிரண்டு வருடமாகத் தறி நெய்கிறார். உடம்பே தனக்கு வேண்டிய வழியைப் போட்டுக்கொள்ளும். மருத்துவர்கள் பயமுறுத்துவார்கள். அப்பாவை நிம்மதியாக விடுங்கள்.

தொரப்பாடி வாத்தியார் | செவ்வாய், காலை 9.20

ஆரணிக்காரரிடம் பிறகு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யைவிட அதுதான் ஆபத்து.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் மருத்துவம் பார்ப்பவன் அல்ல. மருத்துவ மாணவர்களுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் உடலியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே மருந்து, மாத்திரை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் கேளுங்கள்.

காவேரிப்பாக்கத்தார் சொன்னது வாய்க்கால் கணக்கு. இதயக் குழாய்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வலது குழாயும் இடது குழாயும் பெருந்தமனியின் அடியிலிருந்து தனித்தனியாகப் புறப்படுகின்றன. ஒரே வாய்க்காலின் இரண்டு மடைகள் அல்ல அவை. ஒரே ஏரிக் கரையின் இரண்டு மதகுகள். உங்கள் ஊர் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிரம்பி நிற்கும்போது ஒரு மதகை அடைத்தால் அடுத்த மதகில் தண்ணீர் பாய்ந்தா வருகிறது? ஏரி மட்டம் என்னவோ, அந்த மதகு எவ்வளவு திறந்திருக்கிறதோ, அதற்கு ஏற்ற தண்ணீர்தான் வரும்.

இதில் ஏரி மட்டம் என்பது பெருந்தமனியின் ரத்த அழுத்தம். எண்களோடு பாருங்கள். ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் இதயத் தசை தனக்கென்று எடுத்துக்கொள்வது 250 மில்லி அளவு. உடலின் எடையில் இருநூறில் ஒரு பங்குதான் இதயம், ஆனால் ரத்தத்தில் இருபதில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சரி, வலது குழாயில் 80 மில்லி ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று அடைபட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த 80 மில்லி பக்கத்துக் குழாய்க்குத் தாவாது. 5,000 மில்லியில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் காலுக்கும் எல்லாமாகப் பிரிந்துபோகும். பக்கத்துக் குழாய்க்கு அதில் கிடைப்பது சில சொட்டு.

"அடைத்ததால் கூடும்" என்ற அப்பாவின் வாதம் இங்கே விழுந்துவிட்டது. ஆனால் நல்ல பக்கத்தில் ஓட்டம் கூடுகிறது என்பது உண்மைதான். வேறு காரணத்தால். வகுப்பு அல்ல, பென்ஷன் வாங்கும் வரிசையிலிருந்து எழுதுகிறேன். மாலையில் தொடர்கிறேன்.

காவேரிப்பாக்கம் கழனி | செவ்வாய், பகல் 1.30

வாத்தியார் ஐயா, ஏரிக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். மதகு மதகுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். 2021 நவம்பரில் பாலாறு பெருகி வந்து எங்கள் ஏரி தளும்பியபோதும், மதகை யார் எவ்வளவு தூக்குவது என்பதை, ஊருக்குத் தண்ணீர் பங்கிடும் ஆளான நீர்க்கட்டிதான் முடிவு செய்தார். இதயத்தில் நீர்க்கட்டி யார்?

தொரப்பாடி வாத்தியார் | செவ்வாய், இரவு 7.50

இந்தக் கேள்வியை என் மாணவர்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஐந்து மதிப்பெண் கூடக் கொடுத்திருப்பேன்.

இதயத்தில் நீர்க்கட்டி கிடையாது. கழனியே மதகைத் திறந்துகொள்கிறது.

ஆஞ்சியோகிராமில் தெரியும் பெரிய குழாய்கள் வெறும் வாய்க்கால்கள்தான். ஓட்டத்தைத் தீர்மானிப்பவை அவற்றுக்கும் கீழே, தசைக்குள் புகுந்து ஓடும் நுண்தமனிகள். மயிரிழையைவிட மெல்லியவை கூட உண்டு. தசைக்கு வேலை கூடினால் அதன் செல்களிலிருந்து அடினோசின் என்ற பொருள் கசிகிறது. அது நுண்தமனியின் சுவரைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது, ரத்தம் கூடுகிறது. இப்படி ஒரு கொள்கையை ராபர்ட் பெர்ன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1963இல் முன்வைத்தார். அடினோசின் மட்டுமே இதைச் செய்வதில்லை என்பது பின்னால் தெரிந்தது. குழாயின் உள்தோலே, ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடும்போது, நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயை விரிக்கிறது. அந்த வாயுவைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 1998இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் காலத்து ஆய்வுக்கூடத்தில் முயலின் இதயத்தை எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயின் நுனியில் கட்டித் தொங்கவிடுவோம். ஆஸ்கர் லாங்கெண்டார்ஃப் என்ற ஜெர்மன் உடலியலாளர் 1895இல் காட்டிய முறை. மேலேயிருந்து, ஆக்சிஜன் குமிழ்விடும் வெதுவெதுப்பான உப்புநீர் இறங்கும். அது இதயத்தின் சொந்தக் குழாய்கள் வழியாக ஓடி அடியில் சொட்டும். உடலை விட்டு வந்த இதயம் தனியாகத் துடித்துக்கொண்டிருக்கும். மாணவர்களுக்கு வேலை, சொட்டுகளை எண்ணுவது. ரப்பர் குழாயை இடுக்கியால் அரை நிமிடம் இறுக்கிவிட்டுத் திறக்கச் சொல்வேன். திறந்ததும் சொட்டு எண்ண முடியாது, கயிறாக இறங்கும். பட்டினி கிடந்த தசை பழைய பாக்கியை வட்டியோடு வாங்கிக்கொள்கிறது என்று சொல்வேன். அங்கே மூளையும் இல்லை, நரம்பின் கட்டளையும் இல்லை. கழனி தானே மதகைத் திறந்தது.

இப்போது தம்பியின் எக்கோவுக்கு வருவோம். டென்னன்ட், விக்கர்ஸ் என்ற இருவர் 1935இல் நாயின் இதயக் குழாய் ஒன்றைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்துக்குள்ளாகவே அந்தப் பகுதித் தசை சுருங்குவதை விட்டுவிட்டு, மற்ற பகுதி சுருங்கும்போது வெளிப்புறமாக உப்பத் தொடங்கியது. நான்கு பேர் பல்லக்குத் தூக்கும்போது ஒருவன் தோளை எடுத்துவிட்டால் மீதி மூவருக்கும் பாரம் ஏறுகிறதல்லவா? இங்கே அந்த நான்காமவன் தோளை எடுத்ததோடு நிற்கவில்லை, பல்லக்கில் ஏறி உட்கார்ந்தும் விட்டான். நல்ல பக்கம் அவனையும் சேர்த்துச் சுமக்கிறது. போதாததற்கு வலியும் பயமும் சேர்ந்து அட்ரினலினை ஊற்றுகின்றன. இதயம் வேகமாக ஓடுகிறது. வேலை கூடுகிறது, மதகு திறக்கிறது, ஓட்டம் கூடுகிறது. திரையில் தம்பி பார்த்த உதைப்பு அதுதான். ஒருவேளை அந்த உதைப்பு இல்லாமல் இருந்திருந்தால்தான் மருத்துவரின் முகம் மாறியிருக்கும். அந்தப் பக்கத்துக் குழாயிலும் பெரிய கோளாறு இருக்கிறதோ என்று சந்தேகிப்பார்கள்.

வாலாஜா பயணி | செவ்வாய், இரவு 9.00

கூடுகிறது என்றால் நல்லதுதானே? பிறகு ஏன் "நம்பக் கூடாது"?

தொரப்பாடி வாத்தியார் | புதன், காலை 6.30

இதயத்தின் விசித்திரம் ஒன்றைச் சொன்னால்தான் இது புரியும். கை, கால் தசைகள் ஓய்வில் இருக்கும்போது தம்மிடம் வரும் ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கின்றன. வேலை வந்தால் மீதியில் கை வைக்கலாம். இதயத் தசை ஓய்விலேயே 70 முதல் 75 சதவீதத்தை உறிஞ்சிவிடுகிறது. வீட்டில் அரிசி இருப்பு வைக்காமல் அன்றாடம் வாங்கிச் சமைக்கும் குடும்பம் அது. விருந்தாளி வந்தால் மறுபடி கடைக்குத்தான் ஓட வேண்டும். அதாவது வேலை கூடினால் ரத்த ஓட்டம் கூடியே ஆக வேண்டும். வேறு வழி இல்லை.

நல்ல குழாயில் ஓட்டம் ஓய்வு நிலையைப் போல் நாலைந்து மடங்கு வரை கூட முடியும். இதை இருப்புத்திறன் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் லான்ஸ் கோல்ட் 1974இல் நாய்களில் செய்த சோதனை இன்றைக்கும் பாடம்தான். குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். விட்டம் 85 சதவீதம் குறையும் வரை ஓய்வு ஓட்டம் குறையவே இல்லை. ஏன் தெரியுமா? மேலே நெருக்கடி கூடக்கூட, கீழே நுண்தமனிகள் மதகை மேலும் மேலும் திறந்து ஈடுகட்டின. ஆனால் உச்ச ஓட்டம் விட்டம் பாதியாகும் கட்டத்திலேயே குறையத் தொடங்கிவிட்டது. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, ஓடினால் தெரியும்.

தம்பியின் அப்பாவுக்கு முன்பக்கக் குழாயில் 60 சதவீதம். மாரடைப்புக்கு முன் அது போதுமானதாக இருந்திருக்கும். இப்போது அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போதே கூடுதல் வேலை செய்கிறது. அதாவது இருப்பிலிருந்து ஏற்கெனவே ஒரு பகுதியைச் செலவு செய்துகொண்டிருக்கிறது.

இன்னொரு கொக்கியும் உண்டு. இடது இதயத் தசை சுருங்கும்போது தனக்குள் ஓடும் குழாய்களைத் தானே பிழிந்துவிடுகிறது. அதற்கு ரத்தம் பெரும்பாலும் கிடைப்பது தளரும் நேரத்தில். துடிப்பு வேகமானால் முதலில் சுருங்குவது அந்தத் தளரும் நேரம்தான். தேவை ஏறுகிறது, சாப்பாட்டு நேரம் குறைகிறது. உள்ளடுக்குத் தசை முதலில் வாடுவது இதனால்தான்.

இரவுப்பணி | புதன், அதிகாலை அல்ல, பகல் 11.00 (இப்போதுதான் எழுந்தேன்)

வணக்கம். நான் ஆஞ்சியோ அறையில் தொழில்நுட்பராக இருக்கிறேன். எங்கே என்று கேட்க வேண்டாம். வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் தினமும் பார்க்கும் விஷயம் இது.

60 சதவீதம் என்பது கண்ணால் பார்த்துச் சொல்லும் எண். அது நிழலின் அளவு. நிழலை வைத்து ஆளை எடை போட முடியாது. அதனால் அழுத்தம் அளக்கும் ஒரு மெல்லிய கம்பியைச் சுருக்கத்தைத் தாண்டி அனுப்புவோம். அடினோசின் கொடுத்து நுண்தமனிகளை முழுவதும் திறந்துவிடுவோம். அப்போது சுருக்கத்துக்கு அந்தப் பக்கம் உள்ள அழுத்தத்தைப் பெருந்தமனியின் அழுத்தத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். 0.80க்கு மேல் இருந்தால் அந்தச் சுருக்கத்தை விட்டுவிடலாம், 0.80 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஸ்டென்ட் பற்றிப் பேச வேண்டும். இந்த எண்ணைப் பார்த்து ஸ்டென்ட் வைப்பதைச் சோதித்த ஃபேம் ஆய்வு 2009இல் வந்த பிறகு இது பரவலானது.

"அன்றைக்கே ஏன் அளக்கவில்லை?" என்று உறவினர்கள் எங்களிடம் சண்டைக்கு வருவார்கள். மாரடைப்பு வந்த புதிதில் நல்ல பக்கத்து நுண்தமனிகளும் முழுவதும் விரிவதில்லை. அடினோசின் கொடுத்தாலும் பாதியில் நின்றுவிடும். ஓட்டம் குறைவாக இருந்தால் சுருக்கத்தில் அழுத்தம் இழப்பதும் குறைவு. எண் பார்க்க நன்றாக வரும், 0.83 என்று காட்டும். அதே ஆளுக்கு ஒரு மாதம் கழித்து 0.79 வரலாம். மருந்து கொடுக்காமல் ஓய்வில் அளக்கும் முறையும் இருக்கிறது. அது நேர்மாறாக ஏமாற்றும். ஓய்வு ஓட்டம் கூடிக் கிடப்பதால் சுருக்கத்தை உள்ளதைவிட மோசமாகக் காட்டும். ஒரே குழாய், ஒரே நாள், இரண்டு முறை, இரண்டு பக்கமும் பிழை.

தள்ளிப்போடுவதால் பயமா என்றால், 2019இல் வந்த கம்ப்ளீட் ஆய்வில் 4,041 நோயாளிகள் இருந்தார்கள். மாரடைப்புக்குக் காரணமல்லாத குழாயையும் பிறகு சரிசெய்தவர்களுக்கு நன்மை தெரிந்தது. அதை 45 நாள் வரைக்கும் தள்ளிச் செய்தார்கள். 50 முதல் 69 சதவீதச் சுருக்கம் என்றால் அழுத்தக் கம்பியின் எண் 0.80 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் மட்டுமே சேர்த்தார்கள். உங்கள் மருத்துவர் சொன்ன ஆறு வாரம் வானத்திலிருந்து குதித்ததல்ல, தம்பி.

வாலாஜா பயணி | புதன், பகல் 12.10

நல்ல பக்கம் ஏன் முழுவதும் விரிவதில்லை? அடைப்பு அங்கே இல்லையே. பக்கத்து வீட்டில் இழவு என்றால் நம் வீட்டுக் குழாயில் ஏன் தண்ணீர் நிற்க வேண்டும்?

தொரப்பாடி வாத்தியார் | புதன், மாலை 5.15

இழவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், கவனித்ததில்லையா?

1994இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக் குழு ஒன்று நேரடியாக இதைத்தான் அளந்தது. ஒரே ஒரு குழாயில் மட்டும் நோய் இருந்து மாரடைப்பு வந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். அடைபட்ட குழாய் திறந்தும் விட்டது. கதிரியக்கம் கொண்ட தண்ணீரை ஊசி வழியே செலுத்தி, பாசிட்ரான் ஸ்கேனில், தசையின் ஒவ்வொரு கிராமுக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லி போகிறது என்று பார்த்தார்கள். பிறகு டைபிரிடமோல் கொடுத்துக் குழாய்களை விரியவைத்து மறுபடி அளந்தார்கள். பாதிக்கப்பட்ட பகுதி விரியவில்லை, அதில் வியப்பில்லை. மாசு மருவற்ற குழாயிலிருந்து ரத்தம் வாங்கும் தூரத்துப் பகுதியும் சரியாக விரியவில்லை. ஒரு வாரத்தில் பார்த்தபோது அப்படி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த நல்ல பகுதி தேறியிருந்தது.

காரணம் ஒன்றல்ல. காயம்பட்ட தசையிலிருந்து கிளம்பும் நரம்புச் செய்தி, எல்லா நுண்தமனிகளையும் கொஞ்சம் இறுக்கிப்பிடிக்கச் சொல்கிறது என்பது ஒரு விளக்கம். குழாய்ச் சுவரில் அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஆல்ஃபா ஏற்பிகள் வழியாக நடக்கும் வேலை அது. இடது இதய அறையில் தளரும் நேரத்து அழுத்தம் ஏறிவிடுவதால் சுவருக்குள் ஓடும் குழாய்கள் வெளியிலிருந்து நசுங்குகின்றன என்பது இன்னொன்று. காயத்தைச் சுற்றி எழும் அழற்சியும் சேர்கிறது. என்னைக் கேட்டால், இவற்றுக்கெல்லாம் முன்னால் வெறும் வகுத்தல் கணக்கைப் பார்க்கச் சொல்வேன். இருப்புத்திறன் என்பது உச்ச ஓட்டத்தை ஓய்வு ஓட்டத்தால் வகுத்தது. ஓய்வு ஓட்டம் ஏறிக் கிடக்கிறது. கீழே உள்ள எண் பெரிதானால் ஈவு சிறிதாகத்தானே வரும்? கட்டுரை எழுதுகிறவர்கள் பெரிய காரணங்களைத் தேடும்போது இந்தச் சின்னக் காரணத்தை மிதித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

காவேரிப்பாக்கம் கழனி | புதன், இரவு 8.40

ஐயா, நேற்று இரவு தூக்கம் வரவில்லை. இரண்டு விஷயம். ஒன்று, இடது பக்கத்தில் இரண்டு குழாய்கள் ஒரே அடிமரத்திலிருந்து பிரிகின்றன என்று படத்தில் பார்த்தேன். அது வாய்க்கால் கணக்குதானே? இரண்டு, ஆரணிக்காரரின் மாமா பன்னிரண்டு வருடமாகத் தறி நெய்கிறாரே, அவருக்கு எந்த மதகிலிருந்து தண்ணீர்?

தொரப்பாடி வாத்தியார் | வியாழன், காலை 7.00

முதலாவதற்கு: அடிமரம் அகலமானது. அதில் அழுத்தம் இழப்பதே இல்லை என்று சொல்லலாம். அதனால் அங்கும் ஏரிக் கணக்கே.

இரண்டாவது விஷயத்தில் நீங்கள் என்னை ஜெயித்துவிட்டீர்கள். அங்கே வாய்க்கால் கணக்குதான்.

இதயக் குழாய்களுக்கிடையே பிறவியிலேயே மெல்லிய இணைப்புகள் உண்டு. கினிப்பன்றிக்கு இவை எவ்வளவு என்றால், ஒரு குழாயைக் கட்டினாலும் தசை சாகாது. சாதாரணப் பன்றிக்கு ஏறக்குறைய இல்லை. நாய் நடுவில். மனிதர்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறார்கள். நோயில்லாத குழாயைப் பலூனால் ஒரு நிமிடம் அடைத்துப் பார்த்ததில், நாலைந்து பேருக்கு ஒருவர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் தாங்கினார். இணைப்புகள் அவருக்குப் போதுமாக இருந்தன. குழாய் மெல்ல மெல்ல, வருடக்கணக்கில் அடைபட்டால், இரு பக்க அழுத்த வித்தியாசத்தால் அந்த இணைப்புகளில் ரத்தம் வேகமாக ஓடும். உரசலே அவற்றை வளர்க்கும். கைவாய்க்கால் வெட்டிவிட்டது போல. ஆரணி மாமாவுக்கு நடந்தது இதுதான். அவருடைய உடம்பு வழி போட்டது உண்மை. ஆனால் அது வாரங்கள், மாதங்கள் எடுக்கும் வேலை. தம்பியின் அப்பாவுக்கு அடைப்பு காலை ஏழரைக்கு வந்தது. ரீமர், ஜென்னிங்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1977இல் நாய்களில் காட்டினார்கள்: தசைச் சாவு உள்ளடுக்கிலிருந்து வெளியடுக்கை நோக்கி அலைபோல நகர்கிறது. நாற்பது நிமிடத்தில் உள்ளடுக்கு போகிறது, ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. கைவாய்க்கால் வெட்ட அங்கே ஏது நேரம்?

இப்போது கழனிக்காரரே, கைவாய்க்காலில் தண்ணீர் வாங்குகிற கடைமடைக்காரனை நினைத்துப் பாருங்கள். அவனுக்குத் தண்ணீர் தருவது பக்கத்துக்காரனின் வாய்க்கால். பக்கத்துக்காரன் தன் மடைகள் அத்தனையையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால்?

காவேரிப்பாக்கம் கழனி | வியாழன், காலை 7.25

வாய்க்கால் மட்டம் இறங்கும். கடைமடை காயும். வெட்டுக்குத்து வரைக்கும் போகும்.

தொரப்பாடி வாத்தியார் | வியாழன், காலை 7.40

அதேதான். இதயத்தில் இதற்குப் பெயரே "திருட்டு". நல்ல பக்கத்து நுண்தமனிகளை மருந்தால் முழுவதும் திறந்துவிட்டால், இணைப்புக் குழாய் புறப்படும் இடத்தில் அழுத்தம் இறங்கும். அடைப்புக்குப் பின்னால் உள்ள தசையோ தன் மதகை ஏற்கெனவே முழுவதும் திறந்து வைத்துவிட்டது. இனித் திறக்க ஏதுமில்லை. அதற்கு வந்துகொண்டிருந்த கொஞ்ச ரத்தமும் குறையும். டைபிரிடமோல் கொடுத்து எடுக்கும் ஸ்கேன்களில் நெஞ்சுவலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். தெரிந்தே திருடவைத்து, யார் ஏழை என்று கண்டுபிடிக்கும் சோதனை அது.

ஆரணி ஜரிகை | வியாழன், காலை 10.30

மாமாவைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மறைத்துவிட்டேன். அவர் தறியில் இப்போதெல்லாம் அரை நாள்தான் உட்காருகிறார். கோயில் படி ஏறினால் பாதியில் நின்றுவிடுவார். நிற்பதற்கு ஒரு காரணம் சொல்லிக்கொள்வார், செருப்பு வார் என்று.

இரவுப்பணி | வியாழன், பகல் 12.00

அம்மாவோ ஐயாவோ, மாமாவை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள். செருப்பு வார் கதையை நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம்.

மண்டித்தெரு தம்பிக்கு: அடினோசின் சோதனைக்கு முந்தைய நாளிலிருந்து காபி, டீ கொடுக்காதீர்கள். காபியில் உள்ள கஃபீன் அடினோசினின் வேலையைத் தடுத்துவிடும், சோதனை வீணாகும். அப்பா காபிக்காரராக இருந்தால் இப்போதே தயார்படுத்துங்கள். வேலூர் மே மாத வெயிலில் நடக்கவும் விடாதீர்கள். உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கு ரத்தம் அனுப்புவதே இதயத்துக்கு ஒரு தனி வேலை. கோட்டையைச் சுற்றி நடப்பதென்றால் காலை ஆறு மணிக்கு, மருத்துவர் சொன்ன தூரம் மட்டும்.

மண்டித்தெரு மகன் | ஏழு வாரத்துக்குப் பிறகு, ஞாயிறு

எல்லோருக்கும் நன்றி. இழையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பல்லக்கு உவமையில் சிரித்தார். "ஏறி உட்கார்ந்தவன் யார், உன் சித்தப்பனா?" என்றார். ஏரிக் கணக்கை இரண்டு முறை கேட்டார். அதற்குப் பிறகு மூட்டைப் பக்கம் போகவில்லை.

போன வாரம் கம்பி விட்டு அளந்தார்கள். காபி நிறுத்திய நாளில் வீட்டில் யாரும் அவருடன் பேசவில்லை. அடினோசின் ஏறியதும் முகம் சிவந்து, மூச்சு முட்டி, யாரோ நெஞ்சின் மேல் நூறு கிலோ மூட்டையை இறக்கியது போல் இருந்ததாம். மருந்தை நிறுத்தியதும் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட்டார்கள் என்றார். எண் 0.84. இப்போதைக்கு ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரைகள் தொடரட்டும், மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எக்கோவில் கீழ்ச் சுவர் கொஞ்சம் விழித்துக்கொண்டிருக்கிறது. முன் சுவரின் உதைப்பு அடங்கி, சாதாரணமாக அசைகிறது.

நேற்று லாரி வந்தது. நான் எண்ணியதில் 119 மூட்டை. அப்பா நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே 120 என்றார். திரும்ப எண்ணினேன். 120.

காவேரிப்பாக்கம் கழனி | ஞாயிறு, இரவு 9.10

சந்தோஷம் தம்பி. அப்பா நேரடியாக நெல் வாங்குவாரா, அரிசியாகத்தான் வாங்குவாரா? இந்தப் போகம் எங்களிடம் குண்டு நெல் நாற்பது மூட்டை நிற்கிறது.